கோண அடைப்புக்குறி இல்லாமல் ஓர் இணையப்பக்கம்: குளத்து நீர் அறிவித்தலை மார்க்டவுனில் எழுதும் முறை

சிறுபோகத்தில் எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் திறக்கப்படும் என்பதை எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளர் பல ஆண்டுகளாகக் கையால் எழுதிச் சனசமூக நிலையத்தின் பலகையில் ஒட்டி வந்தார். பின்னர் அந்தத் தாளைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம் வந்தது. படம் பலர் கைக்கு மாறும். திருத்தம் வந்தால் பழைய படமும் புதிய படமும் ஒன்றாகச் சுற்றும். எது கடைசியாக வந்தது என்று தெரியாமல் ஒருவர் விடியற்காலையில் துருசடியில் போய் நின்று, தண்ணீர் வராமல் வீடு திரும்புவார். ஒரே முகவரியில் எப்போதும் கடைசி நிலவரம் மட்டும் இருக்கும் ஓர் இணையப்பக்கம் வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் எழுந்தது.

முதற்பக்கத்தை நான், இணையப்பக்கங்களை அமைக்கும் எச்.ரி.எம்.எல். மொழியிலேயே எழுதிக் கொடுத்தேன். பார்வைக்கு அது நன்றாக இருந்தது. ஆனால் வியாழன் என்பதை வெள்ளி என்று மாற்றுவதற்குக்கூடச் செயலாளர் என்னையே அழைக்க வேண்டியிருந்தது; நான் வேலையாக வவுனியாவுக்குப் போயிருந்த நாட்களில் பக்கம் பழைய நாளையே காட்டிக்கொண்டிருந்தது. விடயம் தெரிந்தவர் ஒருவர், அதைத் தளத்தில் எழுதத் தெரிந்தவர் வேறொருவர் என்று இருக்கும் வரை அந்தப் பக்கத்தை எவரும் நம்ப முடியாது. ஆகவே, கைத்தொலைபேசியில் தமிழ் தட்டச்சுச் செய்யத் தெரிந்த எவரும் தாமே எழுதித் தாமே திருத்தக்கூடிய எழுத்துமுறையைத் தேடினேன். மார்க்டவுன் என்ற அந்த முறையை, தமிழில் எழுதும்போது அதில் வரும் இடர்களுடன் சேர்த்து இங்கே விளக்குகிறேன்.

குறிச்சொற்கள் தமிழ் எழுதுபவரை ஏன் அதிகம் வருத்துகின்றன

எச்.ரி.எம்.எல். மொழியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ரிம் பேர்னர்ஸ்-லீ 1991 ஆம் ஆண்டில் அதை விபரித்தபோது அதில், கோண அடைப்புக்குறிக்குள் எழுதி இது தலைப்பு, இது பட்டியல் என்று உலாவிக்குச் சொல்லும் குறிச்சொற்கள் 18 மட்டுமே இருந்தன. இன்றும் உலாவிக்கு விளங்குவது அந்த மொழிதான். கீழே நான் குறிப்பிடும் மாற்றுவழிகள் எல்லாம் இறுதியில் அதையே உருவாக்கித் தருகின்றன. மாறுவது மனிதர் கையால் எழுதும் பகுதி மட்டுமே.

அந்தப் பகுதியில்தான் நமக்கென்று ஒரு தனிச் சிரமம் இருக்கிறது. குறிச்சொற்கள் யாவும் ஆங்கில எழுத்துகளால் ஆனவை. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அவை கூடுதலாகச் சில எழுத்துகள் மட்டுமே. தமிழில் எழுதுபவரோ ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, அதை எழுதி, மீண்டும் தமிழுக்குத் திரும்ப வேண்டும். நான்கு நிரல்களும் ஐந்து வரிசைகளும் கொண்ட ஒரு சிறிய அட்டவணையை எடுத்துக்கொண்டால், அதில் உள்ள 20 கட்டங்களுக்கும் தமிழுக்கு ஒரு முறையும் ஆங்கிலத்துக்கு ஒரு முறையுமாக ஏறத்தாழ 40 தடவை விசைப்பலகையை மாற்ற நேரும். கைத்தொலைபேசியில் இதைச் செய்து பார்த்தவருக்கு, செயலாளர் ஏன் என்னை அழைத்தார் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. எனவே ஒரு மாற்றுவழியை மதிப்பிடும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி, அது எத்தனை எழுத்துகளைக் குறைக்கிறது என்பதன்று. எத்தனை முறை மொழி மாற வேண்டியதைத் தவிர்க்கிறது என்பதே.

எந்த மாற்றுவழி யாருக்கு ஏற்றது

பக், ஹாம்ல் ஆகிய வார்ப்புரு மொழிகள் மூடும் குறிச்சொல்லை நீக்கிவிட்டு, வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியின் அளவைக் கொண்டே எது எதற்குள் அடங்குகிறது என்பதை அறிந்துகொள்கின்றன. முன்பு ஜேட் என்ற பெயரில் இருந்ததுதான் பக். நிரல் எழுதுபவர்களுக்கு இவை மிகவும் உதவும். ஆனால் திறக்கும் குறிச்சொல்லின் ஆங்கிலப் பெயர் அப்படியே இருப்பதால், தமிழ் எழுதுபவருக்குப் பாதிச் சுமைதான் குறைகிறது. அத்துடன், கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று பிசகினால் பக்கத்தின் கட்டமைப்பே மாறிவிடும். பக்கத்தை நிரலாகவே எழுதும் ரியக்ட், எல்ம் போன்ற வழிகளும் உண்டு. அவற்றைக் கற்க விரும்பும் இளைஞர்கள் தாராளமாகக் கற்கட்டும். ஓர் அறிவித்தலுக்கு அவை தேவையில்லை.

2003 இல் தொடங்கிய வேர்ட்பிரஸ் போன்றவற்றில் எந்தக் குறியும் எழுதாமலே பக்கம் அமைக்கலாம். பயன்படுத்துவது எளிது என்பதில் ஐயமில்லை. எனக்கு அதில் உள்ள தயக்கம், எழுதியது ஒரு தரவுத்தளத்துக்குள் போய்விடுகிறது என்பதுதான். கடவுச்சொல் வைத்திருந்தவர் வெளிநாடு போனாலோ, தளத்துக்கான கட்டணம் கட்டாமல் விடுபட்டாலோ, எழுதியவற்றை மீட்பது கடினமாகிவிடும். வெறும் உரைக்கோப்பு அப்படியன்று: அதை ஒரு பென்டிரைவில் போட்டுக் கமநல சேவைகள் நிலையத்துக்குக் கொண்டுபோய் எந்தக் கணினியிலும் திறக்கலாம். இடம்பெயர்வுகளில் கோயில் ஏடுகளையும் பாடசாலைப் பதிவேடுகளையும் இழந்த ஊர்கள் நம்முடையவை. எழுதியது எந்த வடிவில், எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதை நாம் கூடுதலாகவே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எஞ்சுவது, குறிச்சொற்களுக்குப் பதிலாக எளிய குறிகளைக் கொண்டு வெறும் உரையாக எழுதும் இலகு குறிமொழிகள் என்ற வகை. அவற்றுள் அஸ்கிடொக், ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட் ஆகிய இரண்டும் நீண்ட கைந்நூல்களுக்கு ஏற்றவை; பைதன் மொழியின் ஆவணங்கள் பின்னதில் எழுதப்படுபவை. ஆனால் பின்னதில் தலைப்பின் கீழ் இடும் கோடு தலைப்பைவிடக் குறுகியதாக இருக்கக் கூடாது. தமிழில் ‘கு’ என்பது நம் கண்ணுக்கு ஓரெழுத்து. கணினிக்கோ அது ககரமும் உகரக் குறியுமாக இரண்டு. ஆகவே அளவாக இட்டோம் என்று நாம் நினைக்கும் கோடு கணினிக்குக் குறுகியதாகத் தெரிந்து எச்சரிக்கை வரும். கோட்டைத் தேவைக்கு மேல் நீளமாக இட்டு இதைத் தவிர்க்கலாமாயினும், புதியவருக்கு இது வீண் குழப்பம்.

ஜோன் குரூபர், ஆரன் சுவாட்ஸின் உதவியுடன் 2004 இல் வெளியிட்ட மார்க்டவுனில் இந்தச் சிரமம் இல்லை. மின்னஞ்சல்களில் மக்கள் ஏற்கெனவே பயன்படுத்தி வந்த நட்சத்திரக் குறி, சிறுகோடு போன்றவற்றையே அது இலக்கணமாக்கியது. தமிழ் எழுதுபவருக்கு அதனால் கிடைத்த நன்மை பெரிது: நிறுத்தக்குறிகளுக்கு மொழி இல்லை. இணைப்புகள் நீங்கலாக, தமிழ் விசைப்பலகையை விட்டு வெளியேறாமலே முழுப் பக்கத்தையும் எழுதி முடிக்கலாம்.

எழுதத் தொடங்கும் முன் இரண்டு சோதனைகள்

முதலாவது, உங்கள் தமிழ், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையாகிய யுனிகோட்டில் உள்ளதா என்று பாருங்கள். நம் பகுதி அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த வேர்ட் கோப்புகள் இன்றும் நிறைய உள்ளன. அவை எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டுமே தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. பாமினியில் ‘கூட்டம்’ என்ற சொல் உண்மையில் டொலர்க் குறியில் தொடங்கி அரைப்புள்ளியில் முடிகிறது. மார்க்டவுனுக்கு இது இரட்டைத் தீங்கு, ஏனெனில் நாம் தலைப்புக்குப் பயன்படுத்தப்போகும் # குறி பாமினியில் ‘சூ’ என்ற எழுத்தாக இருக்கிறது. பழைய அறிவித்தல்களை எழுத்துரு மாற்றி ஒன்றின் மூலம் யுனிகோட்டுக்கு மாற்றி, ஒருமுறை வாசித்துத் திருத்திய பின்னரே பயன்படுத்துங்கள். கைத்தொலைபேசியில் தட்டச்சுச் செய்தது யுனிகோட்டாகவே இருக்கும்.

இரண்டாவது, கோப்பைச் சேமிக்கும்போது குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினி பதிந்து வைக்கும் முறை, யு.ரி.எப்.-8 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய விண்டோஸ் கணினிகளின் நோட்பாட் செயலியில் ஏ.என்.எஸ்.ஐ. என்ற தெரிவு முன்னிருப்பாக இருக்கும். அதில் சேமித்து மூடிய கோப்பைத் திறந்தால் தமிழ் எழுத்துகள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகளாக இருக்கும். அவற்றை மீண்டும் எழுத்துகளாக்க வழியே இல்லை. ஒரு கூட்டத்தின் முழு அறிக்கையையும் நான் இப்படி இழந்து, குறிப்புக் கொப்பியைப் பார்த்து இரண்டாம் முறை எழுதியிருக்கிறேன்.

அறிவித்தலை எழுதுதல்

கீழே உள்ள மாதிரியை அப்படியே தட்டச்சுச் செய்து பாருங்கள்.

    # சிறுபோக நீர் விநியோகம்

    பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எடுத்த முடிவின்படி
    திங்கட்கிழமை முதல் தண்ணீர் திறக்கப்படும்.

    ## வாய்க்கால் முறை

    | வாய்க்கால் | நாள் | திறக்கும் நேரம் |
    |---|---|---|
    | இடதுகரை 1 | திங்கள் | காலை 6.00 |
    | இடதுகரை 2 | செவ்வாய் | காலை 6.00 |
    | வலதுகரை 1 | வியாழன் | காலை 6.00 |

    ## கமக்காரர் கவனத்துக்கு

    - வாய்க்கால் துப்புரவை ஞாயிற்றுக்கிழமைக்கு முன் முடிக்கவும்.
    - கட்டாக்காலி மாடுகளை வயலுக்குள் விட வேண்டாம்.

ஒரு # பக்கத்தின் தலைப்பு. இரண்டு ## உட்தலைப்பு. குறிக்குப் பின் ஓர் இடைவெளியும், தலைப்புக்கு முன் ஒரு வெற்று வரியும் விடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மார்க்டவுனை எச்.ரி.எம்.எல். ஆக மாற்றும் நிரல்களான மாற்றிகளுள் சில இவை இல்லாமலும் ஏற்றுக்கொள்ளும், சில ஏற்கமாட்டா. இரண்டையும் விட்டால் எங்கும் சரியாக வரும். பட்டியலுக்கும் அட்டவணைக்கும் முன்னும் அதே வெற்று வரி வேண்டும்.

அட்டவணையின் நேர்கோடுகள் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக வரவில்லை என்று கவலைப்பட வேண்டாம். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் அவை ஒருபோதும் நேராக வரமாட்டா. மாற்றி எண்ணுவது கோடுகளை மட்டுமே. குரூபரின் முதல் வடிவில் அட்டவணை இருக்கவில்லை. பின்னர், நிரல்களையும் கோப்புகளையும் இணையத்தில் வைக்க உதவும் தளமான கிட்ஹப் உட்படப் பலர் சேர்த்துக்கொண்ட வசதி இது. மார்க்டவுனுக்குப் பல கிளைவழக்குகள் உருவானதால், 2014 இல் காமன்மார்க் என்ற பெயரில் அதற்கு ஒரு திட்டமான வரையறை எழுதப்பட்டது.

தமிழில் எழுதும்போது மட்டும் தலைகாட்டும் சில இடர்களை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும்.

வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டியே வருவது நம் மொழியின் இயல்பு. ஒரு சொல்லைத் தடிப்பாக்கி உருபைச் சாதாரணமாக விட வேண்டுமானால் \*\*துருசு\*\*க்கு என்று எழுதலாம். நட்சத்திரக் குறி சொல்லின் நடுவிலும் வேலை செய்யும். அடிக்கோட்டுக் குறி அப்படி வேலை செய்யாது: \_துருசு\_க்கு என்று எழுதினால் குறிகள் அப்படியே பக்கத்தில் தெரியும். ஆங்கிலத்தில் சொல்லின் நடுவே அழுத்தம் தருவது அரிது என்பதால் அந்த மொழியில் எழுதப்பட்ட கையேடுகள் இரண்டையும் சமமாகவே சொல்கின்றன. நாம் நட்சத்திரக் குறியை மட்டும் பயன்படுத்துவதே நல்லது. மேற்கோள் குறிக்குள் உள்ள சொல்லைத் தடிப்பாக்கி உடனே உருபை ஒட்டினால், அதாவது \*\*“துருசு”\*\*க்கு என்று எழுதினால், காமன்மார்க் விதிப்படி அந்த இரட்டை நட்சத்திரம் மூடுகுறியாகக் கொள்ளப்படாது. மேற்கோள் குறியை நட்சத்திரங்களுக்கு வெளியே வைத்து, “\*\*துருசு\*\*”க்கு என்று எழுதினால் இடர் தீரும்.

அடுத்தது எண்கள். ஒரு பந்தியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் இடைவெளியும் வந்தால் மார்க்டவுன் அதை இலக்கமிட்ட பட்டியலாகக் கொள்ளும். முதல் எண்ணுக்குப் பின் நீங்கள் எந்த எண்ணை எழுதினாலும் அது தானே வரிசையாக எண்ணிக்கொள்ளும். கூட்டத்தில் எடுத்த தீர்மானங்களுள் 3, 5, 8 ஆகியவற்றை மட்டும் எடுத்து எழுதினால், பக்கத்தில் அவை வேறு எண்களோடு வெளிவரும். தீர்மான எண்ணை வைத்து வாதாடும் இடத்தில் இது சிறு பிழையன்று. சிறுகோட்டுப் பட்டியலாக இட்டு, ஒவ்வொன்றையும் ‘தீர்மானம் 3:’ என்று தொடங்கி எழுதுங்கள்.

இடம், நாள், நேரம் ஆகியவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவது நம் அறிவித்தல்களின் மரபு. மார்க்டவுன் அடுத்தடுத்த வரிகளை ஒரே பந்தியாகச் சேர்த்துவிடும். வரியின் முடிவில் இரண்டு இடைவெளி விட்டால் வரி முறியும். ஆனால் அந்த இடைவெளிகள் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால் அடுத்து திருத்துபவர் தெரியாமலே அழித்துவிடுவார். இந்த மூன்றையும் பட்டியலாகவே எழுதுவது பாதுகாப்பானது.

இணைப்புக் கொடுக்கச் சதுர அடைப்புக்குறிக்குள் சொல்லையும், அதை ஒட்டிய வளைந்த அடைப்புக்குறிக்குள் முகவரியையும் எழுத வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் சதுர அடைப்புக்குறிகளின் இடத்தில் சகரமும் ஞகரமும் இருப்பதாலும், முகவரி ஆங்கில எழுத்துகளில் இருப்பதாலும், முழு உரையையும் எழுதி முடித்த பின் இணைப்புகளை ஒரே தடவையில் இடுவது வேலையைக் குறைக்கும்.

கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்துகளில் வையுங்கள். தமிழ்ப்பற்று உள்ளவர்களுக்கு இது கசக்கும், எனக்கும் கசந்தது. ஆனால் யு.ரி.எப்.-8 இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகள். முகவரியாகும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்துகளாக விரியும். ‘குளம்’ என்ற சொல்லில் கணினிக்கு ஐந்து குறியீடுகள் உள்ளன. வட்ஸ்அப்பில் ஒட்டும்போது அது 45 எழுத்துகள் கொண்ட, எவராலும் வாசிக்க முடியாத சரமாகிவிடும்.

பக்கத்தை வெளியிடுதல்

கட்டணமின்றித் தொடங்க, கிட்ஹப் தளத்தின் பக்கம் வெளியிடும் சேவையான கிட்ஹப் பேஜஸ் போதுமானது. அது ஜெக்கில் என்ற நிரலைக் கொண்டு மார்க்டவுன் கோப்பை எச்.ரி.எம்.எல். பக்கமாகத் தானே மாற்றிக்கொள்ளும். கிட்ஹப்பில் கணக்குத் தொடங்கி, கோப்புகளை வைப்பதற்கு, பொதுவில் தெரியும் களஞ்சியம் ஒன்றை உருவாக்கி, அதில் இண்டெக்ஸ் என்ற பெயரும் எம்.டி. என்ற ஒட்டும் கொண்ட கோப்பைச் சேர்த்து, அறிவித்தலை அதில் ஒட்டிச் சேமியுங்கள். பின்னர் களஞ்சியத்தின் அமைப்புகளில் பேஜஸ் என்ற பகுதிக்குப் போய் முதன்மைக் கிளையைத் தெரிவு செய்தால் சிறிது நேரத்தில் பக்கம் வந்துவிடும். இவை எல்லாவற்றையும் கைத்தொலைபேசியின் உலாவியிலேயே செய்யலாம். தளம் 1 ஜிகாபைட்டையும் மாதப் பரிமாற்றம் 100 ஜிகாபைட்டையும் தாண்டக் கூடாது என்பது அங்குள்ள வரம்பு. உரை மட்டும் கொண்ட நமது பக்கம் அவற்றை நெருங்கவே மாட்டாது: 3000 குறியீடுகள் கொண்ட அறிவித்தல் ஏறத்தாழ 9 கிலோபைட் மட்டுமே, கைத்தொலைபேசியில் எடுத்த 3 மெகாபைட் படமொன்று அதைப் போல் 300 மடங்குக்கும் மேல். முத்தையன்கட்டு, நெடுங்கேணிப் பக்கம் அலைவரிசை மெலிந்த இடத்தில் நின்று பக்கத்தைத் திறப்பவருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

மொழி எது என்று பக்கத்துக்குச் சொல்ல மறக்க வேண்டாம். பெரும்பாலான வார்ப்புருக்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்ளும்; அப்போது பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயன்று தடுமாறும். தளத்தின் தலைப்பு, மொழி போன்றவற்றைக் குறித்து வைக்கும் ஜெக்கிலின் அமைப்புக் கோப்பில், மொழிக்கான வரியில் ரி, ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை இட்டால் போதும். அந்தக் கோப்பில் தலைப்பை எழுதும்போது அதில் முக்காற்புள்ளி வந்தால் தலைப்பு முழுவதையும் மேற்கோள் குறிக்குள் அடையுங்கள். இல்லையேல் பக்கம் உருவாகாமல் நின்றுவிடும்.

பொதுவில் தெரியும் களஞ்சியம் என்பதால், அதில் எழுதி அழித்ததும் வரலாற்றில் நிலைத்திருக்கும். கமக்காரர்களின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், யாருக்கு எத்தனை ஏக்கர் என்ற விபரம் எதையும் ஒருநாளும் அங்கே ஏற்றாதீர்கள். அதே வரலாறு இன்னொரு வகையில் நமக்குப் பெரும் துணை. எந்த நாளை யார், எப்போது மாற்றினார் என்பது வரிக்கு வரி பதிவாகியிருப்பதால், தண்ணீர் முறை தொடர்பாகப் பிணக்கு வரும்போது கூட்டத்தில் அதை எல்லோருக்கும் திறந்து காட்டலாம். இதற்காகச் செயலாளருக்கும் பொருளாளருக்கும் தனித்தனிக் கணக்குத் தொடங்கி, இருவரையும் களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள். ஒரே கணக்கை இருவர் பயன்படுத்தினால் இந்தப் பயன் கிடைக்காது.

பலகைக்கு ஒரு பிரதி

இணையப்பக்கம் வந்துவிட்டது என்பதற்காகச் சனசமூக நிலையப் பலகையை வெறுமையாக விட முடியாது. கைத்தொலைபேசி பார்க்காத மூத்த கமக்காரர்கள் அங்கேதான் வருவார்கள். அறிவித்தலை இரண்டாம் முறை தட்டச்சுச் செய்தால் இரண்டுக்கும் இடையில் வேறுபாடு நுழைந்துவிடும். ஜோன் மக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் 2006 இல் வெளியிட்ட பான்டொக் என்ற இலவச நிரல், அதே மார்க்டவுன் கோப்பிலிருந்து வேர்ட் கோப்பை உருவாக்கித் தரும். கணினியில் அதை நிறுவி, கட்டளைச் சாளரத்தில் நிரலின் பெயர், மூலக்கோப்பின் பெயர், சிறுகோட்டுடன் சேர்ந்த ஆங்கில ‘ஓ’ எழுத்து, வெளிவர வேண்டிய வேர்ட் கோப்பின் பெயர் ஆகியவற்றை இடைவெளி விட்டு இதே வரிசையில் ஆங்கில எழுத்துகளில் எழுதி உள்ளிடு விசையை அழுத்துங்கள். பி.டி.எப். கோப்பை நேரடியாகப் பெற முயல வேண்டாம். அதற்கு லாடெக் என்ற பெரிய நிரற்றொகுதி வேண்டும், அதிலும் தமிழ் எழுத்துருவைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். வேர்ட் கோப்பைத் திறந்து, எழுத்துருவை நிர்மலா போன்ற ஒரு யுனிகோட் தமிழ் எழுத்துருவாக வைத்து, தூரத்தில் நிற்பவருக்கும் தெரியும்படி 18 புள்ளி அளவுக்கு மேல் பெருப்பித்து அச்சிடுங்கள். தாளின் அடியில் பக்கத்தின் முகவரியையும் அச்சிட்ட திகதியையும் எழுதிவிட்டால், பலகையில் இருப்பது எந்த நாளின் நிலவரம் என்பது வாசிப்பவருக்கு உடனே தெரியும்.